பத்துக்கு ஆறு

பிள்ளைகள் படிவம் நிரப்பும்போதெல்லாம் மார்சாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். யார் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கவே மாட்டாள். ஸ்காட்லாந்து ஏரிக்கரையில் இருந்த எங்கள் முகாமில் பதினோரு வருடம் சமைத்த நான் இதைக் கவனித்திருக்கிறேன். கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அவள்தான் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தாள்.

போன வசந்தத்தில், பணம் தரும் அறக்கட்டளை ரூபர்ட் என்பவனை அனுப்பியது. முகாமால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று அளப்பது அவன் வேலை. "உனக்குத் தைரியம் எவ்வளவு?" என்ற அவன் படிவக் கேள்விக்கு, முகாமுக்கு வந்த திங்கட்கிழமை எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டார்கள். பாறையில் கால் நடுங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை ஆறு போட்டார்கள்.

நான் வைத்த சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு ரூபர்ட் இளித்தான். "அஞ்சே நாள்ல பசங்களக் கோழையாக்கிட்டீங்களே மேடம், பெரிய சாதனைதான்!"

"திங்கக்கிழமை எழுதுனது வெத்து ஜம்பம். ஆறுன்னு ஒத்துக்கத்தான் தைரியம் வேணும்," என்றாள் மார்சாலி.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே. திங்கக்கிழமை படிவத்த மறுபடி எழுத வைங்க. மூணு, நாலுன்னு போடட்டும். இல்லன்னா பணம் வராது."

"மிஸ், இந்த ஆளயும் கயித்துல தொங்கவிடுங்க. எவ்ளோ போடுறார்னு பாப்போம்," என்றாள் பின்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி.

மார்சாலி படிவங்களை அப்படியே உறையிலிட்டு ஒட்டி அவன் கையில் திணித்தாள். "எம் பசங்க பொய் எழுத மாட்டாங்க. கெளம்புய்யா."

ஜூனில் பணம் நின்றது. இப்போது முகாமுக்குக் காசு கட்டிக் கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள், அவர்களுக்குச் சமைக்கிறேன். மார்சாலி தபால் வண்டி ஓட்டுகிறாள். கிளாஸ்கோ பிள்ளைகள் வருவதில்லை.