குழாய்க்காரி லொரெதானா

கிளையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல வளைக்கிறாள் லொரெதானா. அது முரண்டு பிடித்து நிமிர்ந்துகொண்டால் அடுத்த கொடிக்குப் போகிறாள். வளைத்த இடத்திலேயே தொய்ந்து நின்றுவிட்டால் அங்கேயே குந்திவிடுவாள். ஜூலை தொடங்கி அறுவடை வரை, விடிந்ததும் அவளுக்கு இதுதான் வேலை. போன செப்டம்பர் வரை மேல் தோட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு திராட்சைக் கொடிகள். ஒன்றைக்கூடத் தாண்டிப் போக மாட்டாள். நடுவில் கைபேசி அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால் எந்தக் கொடியில் விட்டோம் என்பது மறந்துபோய், முதல் வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

வயது முப்பத்துநாலு. கீழே ஆற்றோரத்துக் குழாய்த் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சோதனை மேசையில் நின்றவள். ஒரு நாளைக்கு அறுநூறு குழாய். தண்ணீரை முழு அழுத்தத்தில் விட்டு, மூடி, வாய்க்குக் கீழே கட்டைவிரலை வைத்து ஏழு வரை எண்ண வேண்டும். விரல் நனைந்தால் குழாய் சிவப்புக் கூடைக்குப் போகும். அந்தச் சாம்பல் நிற மேலங்கியைத்தான் இன்னமும் தோட்டத்தில் போட்டுக்கொள்கிறாள். அதன் பையில் எந்நேரமும் நாலைந்து வாஷர் கிடக்கும். யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் சமையலறைக் குழாயைப் பார்ப்பாள். சொட்டினால் தட்டில் கை வைக்க மாட்டாள், ஸ்பானர் கேட்பாள். பிரிஞானா ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவள் கைபட்டவை. ஊர் அவளுக்குக் குழாய்க்காரி என்றே பெயர் வைத்துவிட்டது.

தன் ஒயினைக்கூட அவள் நல்லது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மிலானோவிலிருந்து வந்த ஒரு வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு, ரோஜா, ஈரமண், பழைய தோல் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் நிறுத்தி, விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒழுகல."

பிரிஞானா என்று பெயர் ஒட்டிய ஒயின் புட்டி முப்பத்தொரு வருடமாகக் கடைக்கு வராமல் இருந்தது. ஆலைகள் ஆட்களை இழுத்துக்கொண்டன, திராட்சை மேட்டில் காடு ஏறிவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் லொரெதானாவும் தம்பி இவோவும் வேலையை விட்டுவிட்டு, முட்புதரை வெட்டிக்கொண்டே மேலே போனபோது, உள்ளே இந்த நானூற்றுப் பன்னிரண்டும் உயிரோடு நின்றன. ஸ்பான்னா என்ற கறுப்புத் திராட்சையின் எண்பது வருடத்துக் கொடிகள். அவற்றிலிருந்து வந்த முதல் புட்டியில் ஊர்ப்பெயரைப் பார்த்த பிறகுதான் வேறு ஆறு குடும்பங்கள் அரிவாளைத் தேடி எடுத்தன. அவர்கள் நட்டதும் இங்கிருந்து வெட்டிக் கொடுத்த தண்டுகளைத்தான்.

போன செப்டம்பரில், நாலாம் தேதி காலை, ஒன்பதாவது வரிசையில் ஒரு கிளை நிமிரவில்லை. ரப்பர் மாதிரி அவள் விரலில் தொங்கியது. இலைகள் நரம்போடு சேர்த்து ரத்தச் சிவப்பாகி ஓரம் சுருண்டிருந்தன. குலை வற்றிப்போயிருந்தது. பொன்நோய். வெள்ளைத் திராட்சை இலையைப் பொன்னாக்குவதால் அந்தப் பெயர். மருந்து கிடையாது. தத்துப்பூச்சி ஒன்று நோயைக் கொடிக்குக் கொடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்.

இவோ ஓடி வந்தான். பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். சுற்றி ஒருவரும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, ஒரே ஒரு கொடி. இப்பவே புடுங்கி எரிச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒண்ணுதான்னு உனக்குத் தெரியுமா?"

"நீ விவசாய ஆபீசுக்குச் சொன்னா வந்து எண்ணுவாங்க. அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போச்சுன்னா தோட்டத்தையே புடுங்கச் சொல்லுவாங்க. சட்டம் அப்படி. எண்பத்தி ரெண்டு வரைக்கும் தப்பிக்கலாம். எண்பத்தி மூணு ஆச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

"நம்ம தண்டு ஆறு வீட்ல நிக்குது தம்பி. ஒழுகுற குழாயப் பொட்டியில போட்டு அனுப்பிட்டா ஒழுகறது நின்னுடாது. இன்னொருத்தன் வீட்ல ஒழுகும்."

இவோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "இது குழாய் இல்லக்கா! பீங்கானா, பித்தளையா, வேற வாங்கி மாட்ட?"

அவள் கைபேசியை எடுத்தாள். வரிசைக்கு நடுவே அவள் அதைத் தொட்டது அன்றுதான்.

செய்தி அவளுக்கு முன்பே மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் காப்பி குடிக்கப் போனபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேட்டுக்காரன் கௌதென்சியோ சீட்டைக் கீழே வைத்தான். அவனுடைய தோட்டம் முப்பது வருடமாகப் புதர் மண்டிக் கிடந்தது. பூச்சி எங்கே குடியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

"முப்பது வருஷம் இந்த ஊர்ல ஒரு நோய் கிடையாது. குழாய்க்காரி வந்தா, நோயும் வந்துருச்சு."

"முப்பது வருஷம் கொடியே கிடையாதே மாமா. நோய் எங்க வரும்?" என்றாள் அவள்.

ஒருவன் சிரித்துவிட்டான். கௌதென்சியோ சிரிக்கவில்லை. "ஆபீஸ்காரி என் நெலத்துல கால வெச்சா, அப்புறம் நீ இந்தக் கடைப் பக்கம் வர வேணாம்." ஆறு குடும்பங்களில் இரண்டு குடும்பத்து ஆட்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் தங்கள் கையிலிருந்த சீட்டையே பார்த்தார்கள். அவள் காப்பியை நின்றபடி குடித்து முடித்து, போகிற போக்கில் கடைக்காரியின் கழுவுதொட்டிக் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம்தான் ஆய்வாளர் வந்தாள். அதற்குள் வரிசைக்கு வரிசை கிளைகள் தொய்ந்திருந்தன. சனெத்தா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் காலணி, இடுப்பில் சிவப்பு வெள்ளை நாடாச் சுருள். அதிகம் பேசாதவள். ஒவ்வொரு கொடியாகப் பார்த்து, நோய் கண்டதில் ஒரு முழம் நாடாவைக் கட்டி, அட்டையில் ஒரு கோடு போட்டாள். இவோ பின்னாலேயே நடந்து உதட்டுக்குள் எண்ணினான். அஞ்சாவது வரிசையில் பதினாலு. பத்தாவது முடியும்போது நாற்பத்தொன்பது. கௌதென்சியோவின் புதரை ஒட்டிய பக்கம் நாடா அடர்ந்துகொண்டே போனது. பதினைந்தாவது வரிசையில் அறுபத்தெட்டு என்று அவனே உரக்கச் சொல்லிவிட்டு, பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். லொரெதானா கைகளை மேலங்கிப் பையில் விட்டு வாஷர்களை உருட்டிக்கொண்டே வந்தாள்.

இருபதாவது வரிசை முடிந்தது. "எண்பது," என்றாள் சனெத்தா. பேனாவை மூடினாள்.

இவோ அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான்.

"மேடம், பதினொண்ணாவது வரிசைல ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள் லொரெதானா.

"அக்கா!"

"கடைசிக்கு முந்துன கொடி. கீழ்க் கிளை. பதினேழாவதுல ரெண்டு இருக்கு. அதுல எனக்கே சந்தேகம். நீங்க பாத்துச் சொல்லுங்க."

சனெத்தா அவளையும் தரையில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். பதினோராவது வரிசையில் நாடா கட்டினாள். எண்பத்தொன்று. பதினேழாவதுக்கு மூவரும் போனார்கள். முதல் கொடியின் கிளையை வளைத்தாள். அது நிமிரவில்லை. எண்பத்திரண்டு. இரண்டாவது கொடி அடுத்ததாகவே நின்றது. அதே சிவப்பு, அதே சுருட்டல். இவோ திரும்பி நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். லொரெதானா பையிலிருந்த வாஷர் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி, ஏழு வரை எண்ணினாள்.

ஆய்வாளர் சின்னக் கத்தியை எடுத்துக் கிளையின் அடியில் பட்டையைச் சீவினாள். நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"வளையம் தெரியுதா? சுத்திக் கடிச்சிருக்கு. இது வேற பூச்சி. கடிச்ச எடத்துக்கு மேல மட்டும் செவந்திருக்கு. நோய் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டது லொரெதானாதான்.

சனெத்தா கத்தியை மடக்கினாள். "ஏம்மா, வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு ஒனக்கு யாருமே சொல்லித் தரலியா?"

"தொழிற்சாலைல சொன்னாங்க. அதனாலதான் வெளிய வந்துட்டேன்."

தோட்டம் பிழைத்தது. அடுத்த வாரம் ஆறு குடும்பங்களின் இளங்கொடிகளையும் எண்ணினார்கள். ஒரு வீட்டில் மூன்று, ஒரு வீட்டில் பதினொன்று, மற்ற நாலிலும் எதுவும் இல்லை. கௌதென்சியோவுக்குப் புதரை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஆள் வைத்து வெட்டினான். அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். பதினொன்று இழந்த வீட்டுக்காரி மட்டும் ஒரு நாள் வந்து, பனீஸ்ஸா என்ற பயறுச் சோறு ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போனாள்.

எண்பத்திரண்டையும் பிடுங்க அக்காளுக்கும் தம்பிக்கும் ஆறு நாள் ஆனது. கையால் சுழற்றும் இழுவைச் சக்கரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், எண்பது வருடத்து வேர் முனகிக்கொண்டு வெளியே வரும். அந்த ஆறு நாளும் இவோ, 'இழு', 'விடு' தவிர வேறு வார்த்தை பேசவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் கடைசிக் கொடியும் வந்து விழுந்தது. வரிசை முழுக்கப் பல் விழுந்த வாய்போல் குழிகள். மற்ற கொடிகளில் குலைகள் கறுத்துத் தொங்கின. அறுவடைக்குப் பத்து நாள்கூட இல்லை.

"குழியெல்லாம் மண்ணத் தள்ளி மூடிரலாமா?" என்றான் இவோ, கடைசியில்.

கொடியோடு சேர்ந்து பெயர்ந்து வந்த ஊன்றுகம்பை லொரெதானா குவியலிலிருந்து உருவினாள். காலிக் குழியின் நடுவே, புதுத் தண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசைக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, சுற்றிலும் குதிகாலால் மண்ணை மிதிக்க ஆரம்பித்தாள்.