சொத்தை பொறுக்கிய கை

நான் பார்த்த வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்க வைக்க என்னால் முடிந்ததில்லை. உணவு சம்பந்தப்பட்ட அதிகாரி என்றால் போதும், செங்கம் ரோட்டு ஓட்டலில் சாம்பார் ஊசிப்போனதைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டல் எல்லாம் எங்கள் பொறுப்பு இல்லை என்றால், "அப்ப என்னதாங்க பாக்கறீங்க?" என்பார்கள். நான் பார்த்தது வெளிநாட்டுக்குப் போகிற மல்லாட்டையை. காகிதத்தில் நிலக்கடலை என்று எழுதுவோம், பேச்சில் மல்லாட்டைதான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு அறை, ஆறு பேர், அவர்களுக்கு மேல் நான். மில்லுக்குப் போய் மூட்டைகளிலிருந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். பருப்பில் பூஞ்சை நஞ்சு வரம்புக்குள் இருக்கிறது என்று முடிவு வந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறாது.

ஒரு திங்கட்கிழமை சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் சான்றிதழோடு போன இரண்டு கன்டெய்னர்களை ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சோதித்ததில் நஞ்சு எக்கச்சக்கம். எடுக்கிற சாம்பிளில் ஒரு பங்கை முத்திரை வைத்து எங்கள் அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். அதை எடுத்து அவசரமாக மறுபடி சோதிக்க அனுப்பினேன். சுத்தமாக இருக்கிறது என்று வந்தது. சரக்கு கெட்டது, சாம்பிள் நல்லது என்றால் யாரோ சாம்பிளை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியவர் சும்மா மாற்றியிருக்க மாட்டார். சென்னையிலும் அப்படித்தான் நினைத்தார்கள். சாம்பிள் எடுத்தவர் பெயரோடு அந்த வாரத்துக்குள் அறிக்கை கேட்டிருந்தார்கள்.

எடுத்தவர் எங்கள் கள உதவியாளர். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பணம் வாங்கியதாகச் சந்தேகம் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், மாலை போட வேண்டிய நாளில் கையில் சஸ்பெண்ட் ஆர்டரைக் கொடுப்பார்கள். பிறகு விசாரணை, அலைச்சல், ஊர்ப் பேச்சு. மில்லில் டீ கொடுத்தால்கூடக் குடிக்காமல் பையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு போகிற மனிதர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்காது.

"அண்ணா, ஏதாச்சும் நடந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"என்னா நடந்திருக்கணும் மேடம்?"

"சாம்பிள் எப்படி மாறிச்சு?"

"என் பேத்தி மேல சத்தியமா மாறல மேடம்."

"சத்தியத்த லேபுக்கு அனுப்ப முடியாதுண்ணா."

அவர் வெளியே போய் வண்டி நிறுத்துகிற இடத்தில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூப்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மில்காரர் தானாகவே வந்தார். மூன்று தலைமுறையாக மல்லாட்டை உடைத்து விற்கிற குடும்பம், ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சரக்கு போனது போவட்டும் மேடம். புடுங்கற நேரத்துல மழை ஜாஸ்தி, பூஞ்சை புடிச்சிருக்கும், எனக்குத் தெரியல. ஆனா அவருக்கு நான் குடுத்தேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்த சரக்குல மீதி மூட்டைங்க குடோன்ல அப்படியே கெடக்குது. நீங்களே வந்து பாருங்க."

அன்று மத்தியானமே அண்ணாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். குடோனில், "எப்பவும் போல எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். குத்தூசி என்பது முனை கூராக இருக்கும் இரும்புக் குழாய். மூட்டையில் குத்தினால் பருப்பு குழாய் வழியாகத் தட்டில் வந்து விழும். விழுந்ததை விழுந்தபடியே பைக்குள் கொட்ட வேண்டும். விதி அவ்வளவுதான்.

அவர் குத்தினார். பருப்பு தட்டில் விழுந்தது. தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினார். கட்டைவிரல் உள்ளே போனது. கறுத்த பருப்பு ஒன்றும் சூம்பிய பருப்பு ஒன்றும் விளிம்பு தாண்டிக் கீழே விழுந்தன. பிறகுதான் பைக்குள் கொட்டினார். அடுத்த மூட்டையிலும் அதேதான், அதற்கு அடுத்ததிலும் அதேதான்.

"அண்ணா, கை என்ன பண்ணுது?"

"எந்தக் கை மேடம்?"

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், பக்கத்து மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மல்லாட்டை விளைகிற வீடுகளில் எங்கள் பக்கம் இது ஒரு பழக்கம். அடுத்தவர் கைக்குப் பருப்பு போகிறதென்றால் முதலில் சொத்தையைத் தள்ளிவிட வேண்டும். வந்தவர் வாயில் ஒரு சொத்தை அகப்பட்டு முகம் சுளித்தால் வீட்டுக்கே கேவலம். அதனால் சின்ன வயதிலிருந்தே கை தானாக அதைச் செய்யும். லேபும் அடுத்தவர்தானே. ஆனால் நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே மாதிரி பரவியிருக்காது, அந்தக் கறுத்த நாலைந்தில்தான் அநேகமாக மொத்தமும் இருக்கும். நாங்கள் எதைத் தேடிப் போனோமோ அதையே அவர் மரியாதையாகத் தரையில் தள்ளியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கினேன். "இப்படித்தாண்ணா எடுக்கணும், பாருங்க. இதுல என்ன கஷ்டம்?" என்று சொல்லிக்கொண்டே மூன்று மூட்டை குத்திப் பையை நிரப்பினேன். பாய் தொண்டையைச் செருமினார்.

"கோச்சுக்காதீங்க மேடம். நீங்களும் நாலு தள்ளிட்டீங்க."

என் செருப்புக்குப் பக்கத்தில் நாலு கறுத்த பருப்பு கிடந்தது. நானும் போளூர்ப் பக்கத்து மல்லாட்டைக்காரர் வீட்டுப் பெண்தான். தட்டை அண்ணா கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

சென்னைக்கு போன் போட்டு என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கைப்பழக்கம்னு எழுதினா இத்தனை வருஷம் குடுத்த சர்டிபிகேட் எல்லாம் கேள்விக்கு வரும்மா. எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான். ஒரு ஆளோட முடிச்சுக்கங்க. பௌர்ணமிக்கு முந்தின நாள் அவசர அவசரமா எடுத்திருக்காரே, அதையே எழுதுங்க."

"பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டம், ஊருக்குள்ள லாரி விட மாட்டாங்க சார். இங்க எல்லாரும் முந்தின நாளே எடுத்துடுவோம்."

"அது உங்களுக்குத் தெரியும். படிக்கப்போறவங்களுக்குத் தெரியாது இல்ல?"

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து அண்ணா பெயரையும் பௌர்ணமியையும் போட்டு ஒரு பக்கம் எழுதியே பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது, யாரும் நம்பிவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் ஆபீஸில் ஆறு பேர் முன்னாலும் ஆளுக்கு ஒரு தட்டுப் பருப்பை வைத்து, "லேபுக்குப் பை கட்டுங்க" என்றேன். என்ன பார்க்கப்போகிறேன் என்று அண்ணாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கையை அடக்கிக்கொண்டு கொட்டினார். மற்ற ஐந்து பேரில் நாலு பேர் பொறுக்கினார்கள். பொறுக்காதவர் சென்னையிலேயே வளர்ந்தவர். எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அறிக்கை எழுதினேன். பொறுக்கியவர்கள் பட்டியலில் என் பெயரை முதலில் போட்டேன்.

வந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்தப் பருவத்துச் சரக்கை முழுக்க மறுபடி சோதிக்க வேண்டியிருந்ததால் மில்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள், பாய் உட்பட. அதற்குப் பிறகு குழாயின் வாயிலேயே பையைக் கட்டிவிட்டோம், கை பட வழியே இல்லை. அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் மாலை போட்டு அனுப்பிவைத்தோம்.

கிளம்பும்போது என் மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தார். அவர் நிலத்தில் விளைந்து, வீட்டில் உடைத்த பருப்பு.

"வீட்டுல சண்டை மேடம். மேடத்துக்குப் போய் இப்படியா குடுப்பாங்கன்னு என் சம்சாரம் கத்தறா. நான் தொட விடல. ஒண்ணுகூடப் பொறுக்கல."

அவர் போன பிறகு பையைப் பிரித்து ஒரு காகிதத்தில் கொட்டினேன். சொன்னது சரிதான். கறுத்தது, சூம்பியது, ஓட்டை விழுந்தது எல்லாம் நல்லதோடு கலந்தே கிடந்தன. என் விரல் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரிடம் கத்திய அன்று வராத அழுகை அப்போது வந்தது.