தொலைநகலைப் பிரித்தவன்

அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த செட்டிபாளையத்து வீட்டில்தான் நான் இப்போதும் இருக்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அப்படி வந்த அத்தானும் நானும் முன்னறையில் ஒரே மேசையில் மென்பொருள் எழுதினோம்.

ஃபாக்ஸ் என்கிற தொலைநகல் ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சில அதை இன்னும் கட்டிக்கொண்டு அழுகின்றன. ஸ்கேன் செய்த தாளில் இரண்டே நிறம். ஒவ்வொரு கோட்டிலும் இத்தனை புள்ளி வெள்ளை, இத்தனை புள்ளி கறுப்பு என்று மாறி மாறிச் சொல்லி அனுப்பினால் போதும், பக்கம் சுருங்கிவிடும். கோடு கறுப்பில் தொடங்கினாலும் முதலில் ‘வெள்ளை பூச்சியம்’ என்று சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவு சம்பிரதாயம். எங்கள் ஃபாக்ஸ் மென்பொருளில் சுருக்கும் பகுதியை அத்தான் எழுதினார். வந்ததைப் பிரித்து மறுபடி படமாக்குவது என் பங்கு. கஷ்டமெல்லாம் அதில்தான். வழியில் ஒரு குறி கெட்டால் அந்தக் கோட்டின் மிச்சம் முழுவதும் நாசம்.

வெளிநாட்டுக் கம்பனி ஒன்று காணொளியில் பேசக் கூப்பிட்டது. பிடித்துப்போனால் இருவருக்கும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பினோம். என் ஆங்கிலம் இடறும். ஆகவே அத்தான் பேசுவது, நான் கமராவில் விழாமல் எதிரே இருந்து விடைகளை எழுதிக் காட்டுவது, முடிவில் அவர் என்னை அறிமுகப்படுத்துவது என்று ஏற்பாடு. அதற்காகச் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போட்டிருந்தேன்.

“இந்த மென்பொருளை எழுதியது யார்?” என்று கேட்டார்கள்.

“முழுக்க நான்தான்,” என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல்.

கெட்டுப்போன கோட்டை என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. இப்போது மட்டும் என்னைப் பார்த்தார். விழிக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் எழுதியதை அவர்கள் குறைவாக நினைப்பதைப் பொறுக்க முடியவில்லை. ‘அடுத்த கோட்டின் குறி வரும்வரை தள்ளிவிட்டு, மேல் கோட்டையே திரும்பப் போடலாம்’ என்று எழுதிப் பிடித்தேன். சிரித்துக்கொண்டே வாசித்தார். அங்கேயே வேலையை அவருக்குக் கொடுத்தார்கள்.

அத்தான் எழுந்து வெளியே வளவுப் பக்கம் போய்விட்டார். அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

“அத்தான் என்ட பேரைச் சொல்லவே இல்ல அக்கா. கூட இருந்தே குழி பறிச்சிட்டார்.”

அவள் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

“அவரோட கோவிக்காத தம்பி. ரெண்டு பேருக்கு வேலை குடுக்கிறதெண்டா அவங்க யோசிப்பாங்க எண்டு நான்தான் உன்ட பேரை விடச் சொன்னனான். அவர் மாட்டன் எண்டுதான் நிண்டவர்.”