வங்குரோத்து மனுவில் என் விலாசம்

ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது, கடனைத் தீர்க்க ஏலாமல் வங்குரோத்து மனுப் போடச் சட்டத்தரணியிடம் போனேன். சொத்து என்ன இருக்கு என்றார். சைக்கிள் ஒன்று என்றேன்.

"கல்லடியில நீங்க இருக்கிற வீடு?"

அதை எங்கள் பக்கத்து வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக எப்போதோ எழுதிக் கொடுத்தாச்சு. கட்ட எடுத்த கடன் மட்டும் என் பேரில் குட்டி போட்டபடி கிடக்கு.

"அப்ப வீட்டில ஒருத்தரும் கைவைக்க ஏலாது" என்றார். அந்த நல்ல செய்தியை, மடையன் நான், ஓடிப்போய் மருமகனிடம் சொன்னேன். அவர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"மாமா, எங்கட வீட்டு விலாசத்தப் போடாதீங்க. பேங்க் ஆக்கள் வந்து நிண்டா எங்களுக்குத்தான் வெக்கம்."

மகள் பேனையை எடுத்து நீட்டினாள். வீட்டு விலாசத்தை வெட்டிவிட்டு, நான் வேலை செய்யும் கந்தோர் விலாசத்தை எழுதினேன். அதுவும் எட்டு மாதத்துக்குத்தான்.