வலது பக்க இருக்கை

காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. மார்லிஸ் கெட்டுனன் அப்போது உள்ளே இறைச்சி வைத்து மடித்துச் சுடும் பேஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. கணவன் ரஸ்தான் இரும்புக் கடையிலிருந்து எதையோ கேட்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்து முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள்.

"மார்லிஸ், நான் கார்டி பேசறேன்."

"ரஸ் எங்க? ஒம்பதரைக்குப் போனவன். இன்னும் கடையிலயா நிக்கிறான்?"

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போகும் சத்தம் கேட்டது. கார்டி லபீன் நாற்பது வருஷமாக ரஸ்ஸின் சிநேகிதன். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவன்.

"கடையிலதான் இருக்கான். போல்ட் எடுக்கிற எடத்துல கீழ விழுந்துட்டான். ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க. ரொம்ப நேரம் நெஞ்சை அமுக்கிப் பாத்தாங்க. இப்ப நிறுத்திட்டாங்க மார்லிஸ்."

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டாள். கேட்ட பிறகும் அவளுக்குப் புரியவில்லை. மாவு திரட்டியாகிவிட்டதே என்று ஆறு பேஸ்டிகளையும் மடித்து அடுப்பில் வைத்தாள். இரண்டில் வெங்காயம் போடவில்லை. ரஸ்ஸுக்கு வெங்காயம் ஆகாது.

மூன்று மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களோடு வந்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை. எல்லோரும் தடுத்தும் கேட்காமல் மார்லிஸ் மடக்கு நாற்காலி எடுக்கக் கராஜுக்குப் போனாள். அங்கே பல்பு எரியவில்லை. வண்டியின் விளக்கையாவது போடலாம் என்று கையை உள்ளே விட்டாள்.

வண்டி என்றால் சைடு-பை-சைடு. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து காட்டுப் பாதையிலும் உறைந்த ஏரியின் மேலும் ஓட்டிப்போகிற நாலு சக்கர வண்டி. அதில் ரஸ் பதினொரு சுவிட்சுகள் வைத்திருந்தான். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எல்லாக் கம்பியும் சிவப்பு. ஏலத்தில் ஒரே சுருளாகக் கிடைத்தது. முதல் சுவிட்சை அழுத்தினாள். கூரையில் மாட்டியிருந்த மரம் ஏற்றும் லாரியின் ஹாரன் அலறியது. இரண்டாவதை அழுத்தினாள், முன்னால் தூக்கி நிறுத்தியிருந்த பனி தள்ளும் தகடு டங்கென்று தரையில் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். மூன்றாவதில்தான் வெளிச்சம் வந்தது.

அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். வலது பக்கத்தில் அவளுடைய இருக்கை இல்லை. கழற்றி எடுத்திருந்தான். அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழாக ஒரு இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. புதிய வெல்டிங், சாயம்கூடப் பூசவில்லை.

"என்ன ஆச்சு மார்லிஸ்?" என்று பாதிரியாரின் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நாற்காலி எடுக்க வந்தேன்."

ரஸ் முப்பத்தோரு வருஷம் கவுன்டி நிர்வாகத்துக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டினவன். ஊர் எழுந்திருக்கும் முன் ரோட்டைத் துடைத்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவான். ஓய்வுபெற்ற வாரமே இந்த வண்டியைப் பழையதாக வாங்கினான். வாங்கும்போது அதில் நாலு சக்கரம், ஒரு எஞ்சின், இரண்டு இருக்கை, அவ்வளவுதான். பிறகு பத்து வருஷம் அதில் ஏதாவது மாட்டிக்கொண்டே இருந்தான். மூடிவிட்ட ஐஸ் ஹாக்கி அரங்கின் பிளாஸ்டிக் தடுப்பை அறுத்து முன்கண்ணாடியாக்கினான். வட்டு பட்ட கறுப்புத் தழும்புகள் அதில் அப்படியே இருந்தன. இரும்புச் சுரங்கத்தின் தேய்ந்த கன்வேயர் ரப்பர் சேறு தடுக்கும் பட்டையாயிற்று. கட்டிலின் இரும்புச் சட்டம் முன்பக்க பம்பர். உடைத்த பிக்கப் வண்டியின் ஹீட்டரை உள்ளே வைத்து, கண்ணாடிக்கு வெதுவெதுப்பைக் கொண்டுபோக வெள்ளிநிறக் குழாய் ஒன்றை மாட்டினான். அது துணி உலர்த்தும் மெஷினின் குழாய் என்பது, ஒரு வாரம் துணி காயாதபோதுதான் மார்லிஸுக்குத் தெரிந்தது.

தபாலில் வரவழைத்த சாமான்களும் உண்டு. பெரிய டயர்கள், சேற்றில் மாட்டினால் கம்பி போட்டு இழுக்கும் வின்ச், விளக்குப் பட்டை. வந்த அட்டைப் பெட்டிகளைக் கார்டி வீட்டு விறகடுப்பில் போட்டு எரித்துவிடுவான்.

"இது எப்ப வந்துச்சு?" என்பாள் மார்லிஸ்.

"எது?"

"தலைக்கு மேல பளபளன்னு மின்னுதே, அது."

"அது ரொம்ப நாளா இருக்கே. நீ இப்பதான் பாக்கற."

எதை மாற்றினாலும் வலது பக்கத்தில் மட்டும் கை வைக்கமாட்டான். அது அவள் இடம். சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு சுப்பீரியர் ஏரிக்கரை வரை போய் வருவார்கள். அவன் ஓட்டுவான். அவள் தெர்மாஸைக் கவட்டில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. அந்த எஞ்சின் சத்தத்தில் பேசவும் முடியாது.

போன செப்டம்பரில் பழைய சுரங்கப் பாதை வழியாகப் போனபோது ஒரு பள்ளத்தில் வண்டி எகிறி விழுந்தது. மார்லிஸுக்கு முதுகில் ஏற்கனவே இரண்டு ஆபரேஷன். இறங்கும்போது கண்ணில் தண்ணீர்.

"இனிமே இந்தச் சனியன்ல நான் ஏறினா ஏன்னு கேளு!" என்று கத்தினாள்.

ரஸ் கையுறையைக் கழற்றினான். "சரி" என்றான்.

நாற்பத்தோரு வருஷத்தில் அவனுடைய 'சரி'களில் நாலைந்து ரகம் அவளுக்குத் தெரியும். 'விடு' என்பது ஒன்று, 'அப்புறம் பார்க்கலாம்' என்பது ஒன்று. அன்றைய சரி எந்த ரகம் என்று அவள் யோசிக்கவில்லை. இப்போது அந்த வெற்றுச் சட்டத்தைப் பார்த்த பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ரஸ் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவன். வரமாட்டேன் என்றாள், எடுத்துவிட்டான். அப்படித்தானா?

அன்று மாலை கார்டியைச் சமையலறையில் பிடித்துக் கேட்டாள்.

"என் சீட் எங்க கார்டி?"

கார்டி கையிலிருந்த காப்பியைப் பார்த்தான். "அங்க டூல்பாக்ஸ் வைக்கப்போறதா சொன்னான்."

"டூல்பாக்ஸா?"

"அப்படித்தான் சொன்னான்."

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்து சடங்கை முடித்தார்கள். தரை உறைந்துபோனதால் புதைப்பது மே மாதத்தில்தான். அதுவரை அவன் எங்கும் போய்ச் சேராதவன் மாதிரி இருந்தது அவளுக்கு. காலையில் எழுந்ததும் கராஜுக்குப் போய், ஊறுகாய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அந்தச் சட்டத்தையே பார்ப்பாள். டூல்பாக்ஸுக்கு எதற்கு இவ்வளவு சாய்வு? பின்பக்கம் தாழ்வாகவும் முன்பக்கம் உயரமாகவும் வைத்திருக்கிறானே? அல்லது இதுவும் அவனுடைய கோணல் வேலையா?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அக்டோபரில் ஒருநாள் அவள் அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரஸ் அளவுநாடாவோடு வந்து அவள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை அளந்தான். பிறகு முழங்காலிலிருந்து தரை வரை.

"என்ன, எனக்குச் சவப்பெட்டி செய்யறியா?"

"உன் அகலத்துக்கு அவ்வளவு பலகை எங்க போறது?"

கரண்டியால் ஒன்று போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எதற்கு அளந்தாய் என்று அவள் கேட்கவில்லை. சமையலறைக்குப் புது ஸ்டூல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டூல் எதுவும் வரவில்லை.

பதினாறாம் நாள் இரும்புக் கடைக்காரர் வழியில் நிறுத்தி ஒரு சிறிய காகிதப் பையைக் கொடுத்தார். "இது அவர் கையில இருந்துச்சு. எங்களுக்கு எடுத்து உள்ள வைக்க மனசு வரல" என்றார். உள்ளே நாலு போல்ட்டுகள், விரல் பருமன். மார்லிஸ் நேரே கார்டி வீட்டுக்குப் போய் அதை மேசையில் கொட்டினாள்.

"டூல்பாக்ஸுக்கு இவ்வளவு தடியா?"

"ரஸ்ஸப் பத்தித் தெரியாதா? காப்பிக் கப் மாட்டறதுக்குப் பாலத்து போல்ட் போடறவன்."

அது உண்மைதான். அவள் எழுந்து கதவு வரை போனாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"யூக்கர் சீட்டு ஆடறப்ப கையில ஒண்ணுமில்லாம பந்தா பண்ணுவியே, அப்பவும் இப்படித்தான் காது செவந்துபோகும் உனக்கு."

கார்டி காதைத் தடவிக்கொண்டான். "வாக்குக் குடுத்திருக்கேன் மார்லிஸ்."

"யாருக்கு?"

"ரஸ்ஸுக்கு. நீ கேட்டா டூல்பாக்ஸ்னு சொல்லச் சொன்னான்."

"அவன் செத்துப் பதினாறு நாளாச்சுடா மடையா!"

"வாக்கு எதுவரைக்கும்னு அவன் சொல்லலையே" என்றான் கார்டி. நிஜமாகவே குழம்பிப்போன முகம். இத்தனை நாளும் அதை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறான்.

பின்கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே ஒரு லாரி இருக்கை. அடியில் காற்றுப்பை வைத்தது. ரோடு எவ்வளவு குதித்தாலும் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. உடைக்கப் போட்ட பதினாலாம் நம்பர் லாரியிலிருந்து எடுத்தது. ரஸ் ஓட்டிய லாரி அது. இடது கைப்பிடியில் அவன் முழங்கை வைத்துத் தேய்ந்த பள்ளம் இருந்தது.

மார்லிஸுக்கு மறுபடியும் எல்லாம் கலைந்துபோயிற்று. "இது அவனோட சீட்டாச்சே."

"ஆமா. அவன் முதுகும்தான் போயிருந்துச்சே."

"அப்ப அவனுக்கா?"

"எனக்கென்ன தெரியும்? சீட் வேணும்னான். யார் இடுப்புக்குன்னு நான் கேக்கல."

"அவனுக்குன்னா இடது பக்கம்ல வச்சிருக்கணும்?"

"அங்க பெடல், ஸ்டியரிங் எல்லாம் இடிக்கும். வலது பக்கம் வச்சுப் பாத்துட்டு அப்புறம் இடது பக்கம் மாத்தலாம்னு நெனச்சிருப்பான்." சற்று யோசித்தான். "இல்ல, நெனச்சிருக்கமாட்டானோ என்னவோ."

மறுநாள் கார்டி அதை பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்தான். சத்தம் கேட்டு மார்லிஸ் ஏப்ரனோடு, வீட்டுச் செருப்போடு அப்படியே கராஜுக்கு வந்தாள். இருவருமாகத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். கடைக்காரர் கொடுத்த போல்ட்டுகள் நாலும் நாலு துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கின. முதலில் கார்டி ஏறி உட்கார்ந்தான். அவனும் ரஸ் உயரம்தான், ஆறடி. முழங்கால் முன்கம்பியில் முட்டி, கால் இரண்டும் மடங்கி, தாடை வரை வந்துவிட்டது.

"இதுல ரஸ் உக்காந்தா காதையே சொறியலாம் முழங்காலால" என்று முனகியபடி இறங்கினான். "நீ ஏறு."

மார்லிஸ் ஏறினாள். பாதம் தரையில் தட்டையாகப் படிந்தது. முழங்காலுக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று விரல் இடம். முதுகு முழுக்கச் சாய்ந்தது. கார்டி குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே."

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். தடித்த பனிக் கால்சட்டை, தடித்த கோட்டு, கம்பளி உறை வைத்த பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து மறுபடி ஏறினாள். கோட்டு பின்னாலிருந்து முன்னால் தள்ளியது. பூட்ஸ் முழங்காலை உயர்த்தியது. இரண்டு முழங்காலும் கம்பியில் இடித்து, அசைய முடியாமல் மாட்டிக்கொண்டாள்.

கார்டி சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "முப்பத்தோரு வருஷம் பனி தள்ளின பய! பொண்டாட்டிக்கு அடுப்படியில, செருப்போட உக்காரவச்சு அளவெடுத்திருக்கான்! இங்க எட்டு மாசம் குளிரு!"

மார்லிஸும் சிரித்தாள். அந்த இடுக்கிலிருந்து அவளைக் கைப்பிடித்து இழுத்து இறக்க வேண்டியிருந்தது. தனக்காகத்தான் செய்தான் என்பது இனி தெரியும்; அவள் உடம்பைத் தவிர அந்த அளவு வேறு யாருக்கும் பொருந்தாது. ஆனால் ஏன் சொல்லவில்லை? அவள் கேட்காததால்தானா? அந்த 'சரி' சொன்னபோதே இது மனதில் இருந்ததா, பிறகு வந்ததா? பூட்ஸை மறந்தானா, அல்லது கோடைக்கு மட்டும் வருவாள் என்று கணக்குப் போட்டானா?

"ரெண்டங்குலம் பின்னால தள்ளினா போதும்" என்றான் கார்டி. "தரைத்தகட்டுல புதுசா நாலு ஓட்டை. பத்து நிமிஷ வேலை. டிரில் எடுத்துட்டு வரவா?"

"இன்னைக்கு வேண்டாம்."

அவன் சாக்கட்டியால் தகட்டில் நாலு இடத்தில் குறி போட்டுவிட்டுப் போனான்.

இப்போது பிப்ரவரி. ஏரி முழுக்க உறைந்துவிட்டது. மார்லிஸ் வண்டியை வெளியே எடுக்கிறாள். சுவிட்சுகளில் ஏழு எதற்கென்று கண்டுபிடித்துவிட்டாள். இடது பக்கத்தில் உட்கார்ந்து தானே ஓட்டுகிறாள்.

நாலு ஓட்டைகளும் இன்னும் போடவில்லை.