ஒராள் தொடங்கினால் எல்லோரும்

‘இண்டைக்கு மட்டும்தான் அக்கா, கோவிக்காதேங்கோ’ என்று நூலகப் பொறுப்பாளர் சொன்னபோதே நான் நம்பவில்லை. இந்த மன்னாரில் ‘இண்டைக்கு மட்டும்’ என்று வந்த எதுவும் திரும்பிப் போனதாக எனக்கு நினைவில்லை. வாசலில் ஒரு பஸ் நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நானாட்டானுக்கு அப்பாலிருந்து ஒரு பாடசாலையே வந்திருந்தது.

வியாழன் பின்னேரங்களில் எங்கள் நூலகத்தில் சிறுவர் வாசிப்பு வட்டம் நடக்கும். ஒரு பாய் கொள்ளும் அளவுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்றைப் பொறுப்பாளர் கதிரையில் நிமிர்த்தி வைப்பார். பிள்ளைக்கு ஒரு பக்கம். வாசிக்கிற பிள்ளை சிக்கிக்கொண்டால் யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். என் மகளுக்குத் திக்குவாய். வகுப்பில் அவளுடைய முறை வந்தால் ‘சரி, அடுத்த பிள்ளை’ என்று ரீச்சர் தாண்டிவிடுவார். இந்தப் பாயில் மட்டும்தான் அவள் வாய் திறந்து ஒரு பக்கத்தை முடிப்பாள். எவ்வளவு நேரமானாலும் மற்றப் பிள்ளைகள் கால் விரலைச் சொறிந்தபடி காத்திருப்பார்கள். அந்தப் பொறுமைக்காக நான் எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இப்போது அந்தப் பாயையே காணவில்லை. வந்த பிள்ளைகள் அதன்மேலும் அலுமாரிகளுக்கிடையிலும் அமர்ந்து கதவுவரை நிறைந்துவிட்டார்கள். இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான். கூட வந்த ரீச்சருக்குச் சிரித்த முகம். சிரித்த முகங்களில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். போனை வேறு உயர்த்திப் பிடித்திருந்தார். படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டு, ‘வாசிப்பை வளர்க்கிறோம்’ என்று எழுதத்தானே இந்தப் பயணம்? பின்வரிசையில் இரண்டு பெடியன்கள் என் மகளைப் பார்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

‘இண்டைக்கு நீ வாசிக்க வேண்டாம் பிள்ளை’ என்று அவள் காதுக்குள் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பொறுப்பாளரோ முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு முன்னால் எங்கள் பிள்ளைக்கு மரியாதை செய்வதாக அவருக்கு நினைப்பு. எனக்குப் பலி ஆட்டுக்கு மாலை போடுவது போலிருந்தது.

மகள் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்று, ‘க... க... க...’ என்றாள். பெடியன்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, ‘கடற்கரையில் ஒரு நண்டு வீடு கட்டியது’ என்று உரத்துத் தொடங்கினாள். அவள் வரிசை சேர்ந்தது. பிறகு அறையே சேர்ந்தது. எனக்கு இரத்தம் கொதித்தது. கேலி செய்வதற்கும் ஓர் அளவில்லையா?

எழும்பி ரீச்சரிடம் போனேன். ‘உங்கட பிள்ளையளுக்கு ஆரும் மரியாதை சொல்லிக் குடுக்கேல்லையோ?’

அவர் திகைத்துப் போனார். ‘ஏனக்கா? எங்கட பள்ளிக்கூடத்தில மூண்டு வகுப்பும் ஒரே அறையில. ஒராள் தொடங்கினா எல்லாரும் சேந்து வாசிக்கிறதுதான் எங்கட பழக்கம். சேராட்டித்தான் பிழை எண்டு பிள்ளையள் நினைக்குங்கள்.’

நல்ல கதை என்று நினைத்தபடி மகளைப் பார்த்தேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடவில்லை. வாய் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம் என்ற சட்டத்தை மறந்து, நண்டின் வீடு அலையில் போய், திரும்பக் கட்டி முடியும்வரை அவளே புரட்டினாள். பொறுப்பாளரும் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதோடு புதிய பயமும் வந்தது. கூட்டத்தோடு ஓடப் பழகிய நாக்கு, அடுத்த முறை தனியே நிற்கையில் இன்னும் இறுகிவிட்டால்?

புறப்படும்போது பொறுப்பாளர் என் பின்னால் வந்தார். ‘அக்கா, இந்தப் பிள்ளையள் ஒவ்வொரு வியாழனும் வாறதுக்கு உங்களுக்கு ஏதும்...’ என்று இழுத்தார்.

‘எனக்கு அப்பவே தெரியும்’ என்றேன்.

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது மகள் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். ‘அ... அம்மா, என்ர ச... சத்தம் உங்களுக்குக் கேட்டதே?’

அந்தக் கூட்டத்துக்குள் அவளுடைய குரலை எவ்வளவோ தேடினேன். ஒரு சொல்லைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

‘கேக்கேல்லையம்மா. உன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.’

அவள் என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

‘எ... எனக்குக் கேட்டது.’