அமெரிக்க ராத்திரி டிவி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா அமெரிக்காவில் இருந்தாள். மைசூரில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கான பரீட்சையில் தேறும்வரை, தனியாக இருந்த ஒரு வயதான அம்மாளின் வீட்டில் இரவெல்லாம் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த இரண்டு வருடம் முடிய இருந்த கோடை விடுமுறையில்தான் இது நடந்தது.

அங்கே ராத்திரி ஒன்றரை மணி என்றால் எங்களுக்குக் காலை பதினொன்று. அப்பா மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து பெரியம்மா வருவாள். அவள் டீச்சர், அவளுக்கும் லீவு. சரியாகப் பதினொரு மணிக்கு டேப்லெட்டில் அம்மாவின் வீடியோ கால் வரும்.

அந்த வீட்டு அம்மாளுக்கு டிவி ஓடாவிட்டால் தூக்கம் பிடிக்காது. நிறுத்தினால் உடனே விழித்துக்கொண்டு பதறுவாராம். அதனால் விடிய விடிய கேபிள் டிவி ஓடும். அம்மா அதே அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் பேசுவாள். சாப்பிட்டாயா, தலை வாரினாயா, அப்பாவிடம் அடம் பிடித்தாயா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வராது. அப்போது அம்மா போனைப் பக்கத்து மேஜையில் டிவியைப் பார்த்த மாதிரி சாய்த்து வைத்துவிடுவாள். அவள் அங்கே பார்க்க, நாங்கள் இங்கே பார்ப்போம்.

அந்த நேரத்தில் அங்கே வருவதெல்லாம் சாமான் விற்கும் நிகழ்ச்சிகள். நரைத்த தலையோடு ஒருவர் எண்ணெயே விடாமல் வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றுவார். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். கூடியிருப்பவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். மூலையில் இன்னும் எத்தனை நிமிடம் என்று எண் குறைந்துகொண்டே வரும். நான் ஹத்து, ஒம்பத்து, எண்ட்டு என்று கூடவே எண்ணுவேன். வீட்டுக்குள் தமிழ் பேசினாலும் எண்ணுவதும் சண்டை போடுவதும் எனக்குக் கன்னடத்தில்தான். மறுநாள் அதே மனிதர், அதே முட்டை, எண் மறுபடியும் இருபதில் தொடங்கும். அமெரிக்காவில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களே, தவறவிட்டவர்களுக்குத் தினமும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். இதே ஆள்தான் தசரா கண்காட்சியில் மைக்கை மாட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்கியவன், அவனுக்கும் விசா கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்பாள் பெரியம்மா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்கும்.

அன்று கால் வந்தபோது பெரியம்மா காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். அம்மா கொஞ்சம் பேசிவிட்டுப் போனைச் சாய்த்து வைத்தாள். வாணலிக்காரர் முட்டையை எடுத்திருந்தார். திடீரென்று அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் குரலும் கேட்டது. அவர் ஏதோ வேகமாகச் சொன்னார். அது டிவியில் வரும் இங்கிலீஷ் மாதிரி இல்லை. அம்மா அந்த வீட்டுப் போனில் யாரையோ கூப்பிட்டு விலாசத்தைச் சொன்னாள், இரண்டு முறை சொன்னாள். பிறகு தமிழில் பேசினாள்.

“பயப்படாத கண்ணு. நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கேன். கண்ண மூடித் தூங்கு.”

என்னை மட்டும்தான் அம்மா கண்ணு என்று கூப்பிடுவாள். வழக்கமாகக் கிசுகிசுப்பாகப் பேசுகிறவள் அன்று நன்றாகக் காது கேட்கும்படி பேசினாள். நான் “சரிம்மா” என்றேன். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். எனக்குப் பயம் எதுவும் இருக்கவில்லை, காலை பதினொரு மணிக்குத் தூக்கமும் வரவில்லை. ஆனாலும் அம்மா சொல்கிறாளே என்று பாயை விரித்து, டேப்லெட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முட்டைக்குக் கை தட்டினார்கள். அதற்கு நடுவே அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. எங்கயும் போகல, எங்கயும் போகல. நிஜமாகவே தூங்கிவிட்டேன். பெரியம்மா கதவைத் தட்டி எழுப்பியபோது திரை அணைந்திருந்தது.

அம்மா இனிமேல் எங்கேயும் போகமாட்டாளாம், இங்கேயே இருக்கப் போகிறாளாம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா என்னை முன்னால் நிறுத்தி, அம்மா என்ன வார்த்தை சொன்னாள் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னேன். மறுநாள் காலை அவர் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை மாற்றினார். அம்மா ஊருக்குப் போவதற்கு முன்பிருந்தே மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தது அது. மாடி வீட்டுக்காரரிடம், அடுத்த மாசம் வந்துடுவாங்க என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் வெகுநாள் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கால் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா இருக்கும்போது வந்தது. அம்மா வேறு ஏதோ அறையில் இருந்தாள். அங்கே டிவி இல்லை. அந்த வீட்டு அம்மாள் இறந்துபோனதையும், பரீட்சை இன்னும் தேறவில்லை என்பதையும், வேலை பிடித்துக் கொடுப்பவர்கள் வேறொரு வீட்டில் ஒரு வருடத்துக்குச் சேரச் சொல்வதையும் சொன்னாள். அப்பா தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லவில்லை. “பாப்பாகிட்ட வர்றேன்னு சொன்னியாமே?” என்று மட்டும் கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் நான் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

“எங்கயும் போகலன்னு நீதானேம்மா சொன்ன?”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு, “ஆமா கண்ணு, சொன்னேன். தப்புதான்” என்றாள்.

“சுள்ளு” என்றேன் நான். பொய் என்பதைவிட அந்தக் கன்னட வார்த்தை உறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் நான் கால் வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். பெரியம்மா கெஞ்சுவாள். அம்மா ஒரு வருடம் கழித்து வந்துவிட்டாள், மறுபடி போகவும் இல்லை. ஆனால் நான் அதை விடவில்லை. பதின்மூன்று வயதில், பதினாறு வயதில், எந்தச் சண்டையிலும் தோற்கப்போகிற சமயத்தில், சொல்லிவிட்டு வராமல் இருந்தவள்தானே நீ என்று எடுத்துப்போடுவேன். அம்மா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அம்மாவும் பெரியம்மாவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சாவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா அந்த அமெரிக்க அம்மாளைப் பற்றிச் சொன்னாள். சின்னப் பெண்ணாகக் கப்பலில் போலந்திலிருந்து வந்தவராம். அறுபது, எழுபது வருடம் இங்கிலீஷ் பேசியவருக்குக் கடைசி நேரத்தில் அது வரவில்லையாம்.

“அவங்க அவங்க பாஷையில என்னமோ கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கையைக் கெட்டியாப் பிடிச்சுகிட்டாங்க. எனக்கும் இங்கிலீஷ் வரல. பயப்படாத கண்ணு, நான் எங்கயும் போகலன்னு தமிழ்லயே சொல்லிகிட்டு இருந்தேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அடங்கிட்டாங்க.”

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்னிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா தலை நிமிரவில்லை.

“அது உனக்குச் சொன்னது இல்லன்னு ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?”

பெரியம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அன்று நான் “சரிம்மா” என்று சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

“விழுந்துச்சு. அவங்க கையை விட்டுட்டு எழுந்து வர முடியல.”

அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள் என்று நம்பி அன்று கண்ணை மூடியவர்கள் இரண்டு பேர் என்பது, பாயில் படுத்திருந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.